ஹெரால்டின் பழைய ஸ்டீயரிங்: கழற்றி, வெடிப்பை அடைத்து, திரும்ப மாட்டுவது எப்படி

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டீயரிங்கில் வெடிப்பு விழுந்துவிட்டது என்று அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கடையில் தொங்கும் ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்கை வாங்கி மாட்டிவிடாதீர்கள். 1961இலிருந்து சென்னையில் தயாரான கார் இது, அந்தக் காலத்து ஸ்டீயரிங் நல்ல நிலையில் இன்று தேடினாலும் லேசில் கிடைக்காது. அதோடு, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிற வண்டி. சந்துக்குள் முழுசாக ஒடித்துத் திருப்பும்போது அந்த வளையம் மொத்தமும் உள்ளங்கை வழியாக ஓடும். எங்கள் வீட்டில் அந்த வளையத்தை முதலில் பிடித்தது அப்பாவின் கை. அதனால்தான் எத்தனை வெடிப்பு இருந்தாலும் அதையே சரிசெய்ய முடிவெடுத்தேன். வார இறுதிகளில் மட்டும் செய்து ஒரு மாதம் ஆனது.

வெடிப்பு ஏன் வருகிறது என்று தெரிந்தால் வேலை பாதி புரிந்துவிடும். உள்ளே இரும்புக் கம்பி, அதன்மேல் வார்த்த கெட்டி பிளாஸ்டிக். வெயிலில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை, வருடங்கள் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கவும் செய்கிறது, இரும்பு சுருங்காது. அப்போது பிளாஸ்டிக் எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும், பெரும்பாலும் ஸ்போக் வந்து வளையத்தில் சேரும் இடத்தில்தான் பிளக்கும். அந்தப் பிளவு வழியாகக் கை வியர்வை உள்ளே இறங்கி இரும்பு துருப்பிடிக்கும், துரு ஊதிப் பிளவை இன்னும் அகலமாக்கும். ஆகவே மேலாகப் பூசி மறைத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது.

சரி, கழற்றுவோம். காரை நேராகச் சிறிது தூரம் ஓட்டி, முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள், ஸ்டீயரிங் எந்த நிலையில் நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பிறகு யாராவது மாற்றியும் இருக்கலாம். அதனால் கறுப்பு, சிவப்பு என்று நிறத்தை நம்பாமல், எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள புதிய கார்களுக்கு இங்கே சொல்லும் எதையும் பயன்படுத்தாதீர்கள், அது வேறு வேலை, ஆபத்தான வேலை.

நடுவில் உள்ள ஹாரன் பொத்தான் அழுத்திப் பொருத்தப்பட்டது. மெல்லிய மூங்கில் பட்டையோ, முனையில் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரோ போதும்; ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் வந்துவிடும். அதற்குள்ளே பென்சில் துண்டு மாதிரி சிறிய உலோகக் குச்சி ஒன்று ஸ்பிரிங்கோடு இருக்கும், ஹாரனுக்கு மின்தொடர்பு தருவது அதுதான். உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டால் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும், எடுத்தவுடன் தீப்பெட்டிக்குள் போட்டு மேலே பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

இப்போது பெரிய நட்டு தெரியும். அதன் பூட்டுத் தகடு மடித்திருந்தால் நிமிர்த்திவிடுங்கள். இந்தக் காரில் நட்டு போல்ட் எல்லாம் இன்ச் அளவு, மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டால் முனை மழுங்கிவிடும். நட்டைத் திருகும்போது ஸ்டீயரிங்கை ஒருபக்கம் கடைசிவரை ஒடித்து, அந்த முட்டில் நிறுத்திக்கொண்டு அழுத்தாதீர்கள், அந்த விசை முழுதும் கீழே ரேக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த கம்பி) பற்களுக்குப் போகும். உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து வளையத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். நட்டு இளகியதும் முழுதாக எடுக்காமல் மூன்று நான்கு மரை விட்டுவையுங்கள். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இழுக்கிற இழுப்பில் ஸ்டீயரிங் திடீரென்று விட்டுக்கொண்டு வந்தால் நேராக முகத்தில்தான் அடிக்கும். ஷாஃப்ட்டிலும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியிலும் நேர்க்கோட்டில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள்.

பல வருடம் கழற்றாத ஸ்டீயரிங் கையால் வராது. முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஸ்ப்ளைனில், அதாவது ஸ்டீயரிங் உட்காரும் ஷாஃப்ட்டின் பல் வரிகளில், விட்டு ஊறவையுங்கள். காலையில் இரண்டு முழங்காலையும் வளையத்துக்கு அடியில் கொடுத்து, மேலும் கீழும் மாற்றி மாற்றி ஆட்டிப் பாருங்கள். வரவில்லையா, புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். எங்கள் காரை முன்பு ஒரு பட்டறையில் விட்டபோது ஷாஃப்ட்டின் தலையிலேயே அடித்திருக்கிறார்கள்; மரை நசுங்கி, அதைத் திரும்ப மரை போட்டு எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹெரால்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. விபத்து நேரத்தில் உள்ளே சரியும்படி இதன் ஸ்டீயரிங் தண்டு இரண்டு துண்டாக ஒரு கிளாம்பில் பிடித்திருக்கும். ஓங்கி அடித்தால் அந்த இடத்தில் தண்டு சரிந்து, ஸ்டீயரிங்கின் உயரமே மாறிவிடும்.

கையில் வந்ததும் முதல் வேலை கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், அந்தப் பழைய பிளாஸ்டிக்கை அவை இளக்கிவிடலாம். கழுவி நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும், வெடிப்புக்குள் ஈரம் இருந்தால் எதுவும் பிடிக்காது. இந்தச் சமயத்தில் ஹாரன் பொத்தான் மறைத்திருந்த பகுதியைப் பாருங்கள், வெயிலே படாத இடம் அது. நிறம் தேடுகிறவர்களுக்கு அசல் நிறம் அங்கேதான் இருக்கும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு வெடிப்பையும் முக்கோண அரத்தாலோ ஹாக்ஸா பிளேடாலோ V வடிவத்தில், உள்ளே இரும்பு தெரியும்வரை திறக்க வேண்டும். நன்றாக இருக்கிற ஸ்டீயரிங்கை நாமே வெட்டுகிற மாதிரி மனசு கேட்காது, ஆனால் மயிரிழை வெடிப்பின்மேல் தடவிய பசை உள்ளே இறங்கவே இறங்காது. துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவிக் காயவிட்டு, ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தை விரலால் தொடக் கூடாது.

அடைக்க எபாக்சிதான். டிங்கரிங் கடையில் பாடிக்குப் போடுகிற பட்டி ஆழமான வெடிப்புக்கு ஆகாது, அது விறைப்பானது, ஸ்டீயரிங் வளைந்து கொடுக்கும்போது விட்டுவிடும். எபாக்சியிலும் ஐந்து நிமிடத்தில் இறுகுவதை விட்டு, மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். பெரிய பள்ளத்துக்குப் பிசைந்து அடைக்கும் எம்-சீல் வகையும், மெல்லிய பிளவுக்கு அரால்டைட்டும் பயன்படுத்தினேன். காற்றுக்குமிழ் நிற்காமல் இரும்போடு அழுத்தித் திணித்து, மட்டத்தைவிடக் கொஞ்சம் மேடாகவே விடுங்கள், ஒருநாள் முழுக்கத் தொடாதீர்கள்.

தேய்ப்பதற்கு 80இல் தொடங்கி 120, 220, 400 என்று வாட்டர் பேப்பர். வளையத்தின் பின்பக்கம் விரல் பதியும் குழிவுகள் இருந்தால் கையால் தேய்த்தால் அவை மட்டமாகிவிடும். ரப்பர் ஹோஸ் துண்டில் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் வளைவு அப்படியே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். பிரைமர் அடித்தால் விட்டுப்போன ஊசித்துளை எல்லாம் வெளிச்சத்துக்கு வரும், திரும்ப அடைத்து, திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். நான் மூன்று முறை பிரைமர் அடித்தேன்.

பெயிண்ட்டைப் பொறுத்தவரை, ஹார்டனர் கலக்கும் பியூ (PU, பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் கை வியர்வைக்குத் தாங்கும், ஆனால் அந்தப் புகையில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு உண்மையிலேயே கெடுதல், துணி மாஸ்க் எதையும் தடுக்காது. தேய்ப்பது வரை நீங்கள் முடித்துவிட்டு, காற்றுக் குழாய் முகமூடியும் பூத்தும் உள்ள பெயிண்டரிடம் கொடுங்கள். பளபளப்பு அதிகம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பகல் வெயிலில் கண்ணாடியில் எதிரொளிக்கும். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரக் காற்றில் பெயிண்ட் மங்கிப் பூத்துப்போகும். அடித்தபின் ஒரு வாரமாவது சும்மா தொங்கட்டும்.

மாட்டும்போது சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். ஸ்ப்ளைனில் மெலிதாகக் கிரீஸ், குத்திய புள்ளிகள் நேருக்கு நேர், பூட்டுத் தகடு முடிந்தால் புதிது. நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்குங்கள். இண்டிகேட்டரைப் போட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பித் திரும்பக் கொண்டுவந்தால் தானாக விழ வேண்டும். பேட்டரியை இணைத்து, அந்தக் குச்சியையும் பொத்தானையும் வைத்து ஹாரன் அடியுங்கள்.

அடிக்கவில்லை என்றால் உடனே ஸ்டீயரிங்கைத் திரும்பக் கழற்ற வேண்டாம். பொத்தானை அழுத்தும்போது கரண்ட் ஸ்டீயரிங் தண்டு வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது, ஆனால் கீழே தண்டின் நடுவில் ரப்பர் கப்ளிங் ஒன்று இருக்கிறது, ரேக்கும் ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. அதைத் தாண்டுவதற்கென்றே கப்ளிங்கின் குறுக்கே சின்ன எர்த் ஒயர் இருக்க வேண்டும். எங்கள் காரில் அது அறுந்து கிடந்தது, விரல் நீளத்துக்கு ஒரு ஒயரைப் போட்டதும் ஹாரன் அடித்தது.