ஏரிக்கரை வீடு: முன்பணம் கொடுக்குமுன் கோட்டைவிடும் இடங்கள்

ஏரியோரம் வீடு பார்க்கப் போகிறவரின் கண் தண்ணீரிலேயே நின்றுவிடும். கொல்லைப்பக்கம் போய் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லத் தோன்றாது. பாதாளச் சாக்கடையும் பொதுக் குழாயும் எட்டாத ஊரில் குடிநீரும் கழிவும் ஒரே மனைக்குள் அடங்கியாக வேண்டும். பணம் அதிகம் கரைவது இதில்தான்.

கரையோரத்தில் நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும். கழிவுநீரை மண்ணுக்குள் பரப்பும் குழாய்களுக்கு அடியில் இரண்டு மூன்று அடியாவது நனையாத மண் வேண்டும். கிருமிகளை வடிகட்டுவது அந்த மண்தான். மழையில் நீர்மட்டம் ஏறி அது ஊறிவிட்டால் கழிவு நேரே கிணற்றுக்குப் போகும், கழிப்பறையிலும் தண்ணீர் இறங்காது. கோடையில் மட்டும் பார்த்தால் இது தெரியாது.

டேங்கைத் திறந்ததும் வெளியேறும் குழாயைப் பாருங்கள். நீர் அதன் அடிவிளிம்பை ஒட்டி நின்றால் சரி. குழாயையே மூடி நின்றால் மண் தண்ணீரை வாங்கவில்லை. இப்போது தணிந்திருந்தாலும், குழாய்க்கு மேலே சுவரில் கறை இருந்தால் எப்போதோ ஏறியிருக்கிறது. முந்தின நாள்தான் சுத்தம் செய்தோம் என்று காலி டேங்கைக் காட்டினால் அந்தச் சோதனையே செல்லாது. (உள்ளே தலையை நீட்டாதீர்கள், விஷவாயு ஆளைக் கொல்லும்.)

கிணற்று நீர் மாதிரியை விற்பவர் எடுத்துத் தர விடாதீர்கள். முன்கூட்டியே குளோரின் கொட்டியிருந்தால் அறிக்கை அழகாகத்தான் வரும். 100 மி.லி.யில் ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா) ஒன்றுகூட இருக்கக் கூடாது. கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் நீரில் கரையும் நைட்ரேட் லிட்டருக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவன வரம்பு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். ஊற்று எவ்வளவு என்றறிய மோட்டாரை நாலு மணி நேரமாவது விடாமல் ஓட்டுங்கள்.

கிணறு இல்லை, ஏரியிலிருந்தே குழாய் என்றால் இன்னும் கவனம். வெயில் காலத்தில் பச்சை பெயின்ட் ஊற்றினாற்போல் படியும் நீலப்பச்சைப்பாசி நஞ்சு கக்கக்கூடியது. அந்த நஞ்சும் கொதிக்க வைத்தால் அழியாது.

ஏரிக்கு மதகு இருந்தால் அது யார் கையில், எந்த மட்டத்தில் திறப்பார்கள் என்று கேளுங்கள். கரைப் பாறைகளிலும் பாலத் தூண்களிலும் படிந்த நீர்க்கறையின் உயரத்தை வீட்டு வாசற்படியோடு ஒப்பிடுங்கள்.

படகுத்துறை வீட்டோடு சேர்ந்தது என்று நம்பிவிடுவார்கள். மனை எல்லை நீர்விளிம்புக்கு முன்பே முடியலாம். துறைக்கான அனுமதி பழைய உரிமையாளர் பெயரோடு போய்விடலாம். அடுத்தவர் நிலத்து வழியே பாதை வந்தால், நடைபாதை உரிமை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. காப்பீடு கிடைக்குமா என்பதையும் முன்பணத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தீயணைப்பு நிலையம் தொலைவில் இருந்தால் பிரீமியம் எகிறும், சில நிறுவனங்கள் கையையே விரித்துவிடும்.