ஒத்தை லாரி வாங்கி ஓட்டுவது எப்படி? முதல் லோடு வரை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பிறந்தவனுக்கு லாரி ஆசை வரக் காரணமே வேண்டாம். தெருவுக்கு நாலு டிரைவர், ரெண்டு ஓனர், முக்கில் ஒரு பட்டறை. பதினோரு வருஷம் பிறத்தியார் வண்டியை ஓட்டிவிட்டுச் சொந்தமாக ஒரு பத்துச் சக்கரம் வாங்கினேன். ஓட்டத் தெரிந்தால் போதும் என்றுதான் இறங்கினேன். இதில் ஓட்டுவது பாதி வேலைகூட இல்லை.

படி 1: வண்டிக்கு முன்னால் நோட்டு

வண்டி ஓடினாலும் நின்றாலும் போகிற காசை முதலில் எழுதுங்கள். மாத டியூ 60,000 ரூபாய் என்று வைப்போம். இன்சூரன்ஸ், காலாண்டு வரி, பெர்மிட், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) வேலை எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் இன்னொரு 15,000. மொத்தம் 75,000, முப்பதால் வகுத்தால் நாளுக்கு 2,500. இதை நான் 'நிற்கிற காசு' என்பேன். உங்கள் எண் வேறாக இருக்கும். ஆனால் அந்த எண் தெரியாமல் ஷோரூம் பக்கம் போகாதீர்கள்.

15,000 அதிகம் என்று தோன்றுகிறதா? வெளிமாநிலம் ஓட்டுவதற்கான நேஷனல் பெர்மிட் கட்டணமே வருஷத்துக்கு 16,500. 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையுள்ள வண்டிக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும், 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 43,950, ஜிஎஸ்டி தனி.

படி 2: லைசென்ஸ்

இலகுரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், வயது 20 நிறைந்திருக்க வேண்டும். அதன்பின் ஹெவி. வண்டியும் சரக்குமாக 7,500 கிலோவுக்கு உட்பட்ட சின்ன வண்டி என்றால் சாதாரண இலகுரக (எல்எம்வி) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் காசு குறைவாக இருந்தால் அங்கிருந்து தொடங்குவதில் தப்பே இல்லை.

படி 3: பழையதா, புதுசா?

முதல் வண்டி பழையதாக இருக்கட்டும் என்பது என் கட்சி. டியூ குறைந்தால் நிற்கிற காசும் குறையும். ஆனால் வயதைப் பாருங்கள். ஆறு சக்கரத்துக்கு 12 வருஷம் தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. மூன்று அச்சு (பத்துச் சக்கரம்), அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 15. புது வண்டிக்கு எஃப்சி எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ், எஃப்சி தேதி, கட்டாத அபராதம் எல்லாம் பாருங்கள். ஆர்சியில் (பதிவுச் சான்று) ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்று அவர்கள் தரும் படிவம் 35 கையில் வராமல் முழுப்பணம் தராதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்து வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டி என்றால் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா டேங்க், சென்சார் எல்லாம் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பெயின்ட் அடிப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

படி 4: லோடு பிடிப்பது

பழகும் வரை லோடு பிடித்துக் கொடுக்கும் லாரி ஆபீஸ்தான் கதி. கமிஷன் எடுப்பார்கள், எடுக்கட்டும். வாடகையைக் கேட்டதும் தலையாட்டுவதுதான் ஆபத்து.

என் ரெண்டாவது மாதம். ஒடிசாவின் உள்பக்க ஊர் ஒன்றுக்கு லோடு. "தம்பி, 62,000 வாடகை, யோசிக்காதே" என்றார் ஆபீஸ்காரர். "சரிங்ண்ணா" என்று சாவியை எடுத்துவிட்டேன். டீசல், டோல், படி, கமிஷன் போக 16,000 மிச்சம். போக நாலு நாள். இறக்கியதும் திரும்ப லோடு இல்லை. தார்ப்பாயை மடித்துத் தலைக்கு வைத்து, வண்டிக்கு அடியில் நாலு நாள். நிற்கிற காசு நாளுக்கு 2,500 வீதம் அது 10,000. கடைசியில் 320 கிலோமீட்டர் காலியாக விசாகப்பட்டினம் வந்தேன், டீசல் 6,000. மிச்சம் சரியாகப் போய்விட்டது. போன நாலு நாளின் நிற்கிற காசையும் கழித்தால், கையிலிருந்து 10,000 போட்டு அடுத்தவர் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.

அதிலிருந்து வாடகையைக் கேட்கும் முன் "அங்கே ரிட்டர்ன் என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறேன். சேலத்து ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரா போனால் திரும்ப வெங்காயம் பார்க்கலாம். வாடகை கொஞ்சம் குறைந்தாலும் வீட்டிலிருந்து வீடு எத்தனை நாள், அத்தனை நாளுக்கும் கையில் நிற்பது எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். ஏற்ற, இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆனால் ஹால்டிங் (காத்திருக்கும் காசு) எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு இறக்குகிற இடத்தில் செல்லாது.

படி 5: எடை மேடை

பத்துச் சக்கரத்துக்கு வண்டியும் சரக்குமாக 28.5 டன். 2018 ஜூலை வரை 25 டன்தான். ஆர்சியில் காலி எடை 10 டன் என்றால் ஏற்றக்கூடிய சரக்கு 18.5 டன். "மூணு டன் சேர்த்துக்க, யார் பார்க்கப்போறா" என்பார்கள். பிடித்தால் 20,000, அதோடு கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் 6,000. ஆக 26,000. அதிகச் சரக்கை உங்கள் செலவில் இறக்கவும் வேண்டும். சொன்னவர் போனை எடுக்க மாட்டார்.

படி 6: கிளம்பும் முன் பேப்பர்

சரக்கின் பில், எல்ஆர் (லாரி ஆபீஸ் தரும் சரக்கு ரசீது), ஈ-வே பில் (சரக்கை எடுத்துப்போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு). ஈ-வே பில்லில் உங்கள் வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. வழியில் வண்டி படுத்துவிட்டால் கெடு முடிவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திலோ, முடிந்த பின் எட்டு மணி நேரத்துக்குள்ளோதான் நீட்டிக்க முடியும். அதனால் ஸ்பானரைத் தொடும் முன் ஆபீசுக்குப் போன் போடுங்கள்.

பத்து வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியையும் பான் நகலையும் கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் (முன்கூட்டிய வருமான வரி) பிடிக்க மாட்டார்கள். நாலைந்து பிரதி எடுத்து ஆர்சி கவரிலேயே வையுங்கள்.

படி 7: பாக்கி

அட்வான்ஸ் டீசலுக்கும் டோலுக்கும் போய்விடும். உங்கள் காசு, இறக்கிய பின் வரும் மீதி வாடகையான பாக்கியில்தான் இருக்கிறது. அது வர, இறக்கிய இடத்தில் சீலும் கையெழுத்தும் போட்ட எல்ஆர் வேண்டும். சீல் மங்கலாக இருந்தால் அங்கேயே மறுபடி குத்தச் சொல்லுங்கள். மூட்டை குறைவு, நனைவு என்று பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தாளைத் திருப்பிப் பாருங்கள். கேட்டைத் தாண்டும் முன் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் கியர் போடுங்கள்.