க்ரைஃப்பைப் பார்க்க எந்த ஆட்டத்திலிருந்து ஆரம்பிப்பது?

நெதர்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் யோஹன் க்ரைஃப் பெரிய ஆள் என்கிறார்களே, அப்படி என்னதான் செய்தார் என்று யூடியூபில் தேடினால் பத்து நிமிட ஹைலைட்ஸ் ஒன்று வந்து நிற்கும். அதை மூடிவிடுங்கள். ஹைலைட்ஸில் பந்து காலுக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் வெட்டி ஒட்டியிருப்பார்கள், இவரோ பாதி வேலையைப் பந்து வருவதற்கு முன்பே முடித்துவிடுகிற ஆள். நானும் முதலில் ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்று எழுந்து போனவன்தான். முழு ஆட்டமாகப் பார்க்க வேண்டும், அதுவும் பந்தை விட்டுவிட்டு அவரையே பார்க்க வேண்டும்.

முதலில் 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ம்யூனிக்கில் நடந்தது. அவர் தோற்ற ஆட்டத்தில் போய் ஆரம்பிப்பதா என்று கேட்காதீர்கள், முதல் இரண்டு நிமிடம் போதும். நெதர்லாந்து பந்தை உருட்டித் தொடங்குகிறது, தங்களுக்குள்ளேயே பாஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எதிரணிக்காரர் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. அப்போது ஸ்டிரைக்கரான, அதாவது கோல் அடிக்க முன்னால் நிற்க வேண்டிய க்ரைஃப் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். நடுவட்டத்துக்குப் பக்கத்தில், தன் அணியிலேயே கடைசி ஆளாக நிற்பார்! அங்கிருந்து பந்தை வாங்கி, காவலுக்குப் போட்டிருந்த பெர்ட்டி ஃபோக்ட்ஸைத் தாண்டி ஓடி, ஹோனெஸ் காலை விட்டதால் விழுந்து, பெனால்டி. நேஸ்கென்ஸ் அடித்தார். ஜெர்மன்காரர்களில் பந்தை முதலில் தொட்டது கோல்கீப்பர் மையர், அதுவும் வலைக்குள்ளிருந்து எடுக்கும்போது.

பார்க்கும்போது ஜெர்சி எண்கள் குழப்பும். நெதர்லாந்து அணியில் பெயரின் அகரவரிசைப்படி எண் கொடுத்திருந்தார்கள், அதனால் கோல்கீப்பர் யோங்ப்ளூடுக்கு 8, ஸ்டிரைக்கர் ஒருவருக்கு 1. க்ரைஃப்புக்கு மட்டும் அவர் கேட்ட 14. எண் தெரியாவிட்டால் தோள்பட்டையைப் பாருங்கள்: மற்றவர்கள் சட்டையில் அடிடாஸின் மூன்று கோடு, இவர் சட்டையில் இரண்டே கோடு. இவருக்கு அடிடாஸின் போட்டிக் கம்பெனியான பூமாவோடு ஒப்பந்தம், அதனால் மூன்றாவது கோட்டைப் போட மாட்டேன் என்றுவிட்டார். அதுவும் தெரியவில்லையா, சரி, யார் கையை நீட்டி நீட்டி மற்றவர்களை ‘நீ அங்கே போ, நீ இங்கே வா’ என்று விரட்டிக்கொண்டிருக்கிறாரோ அவர்தான். ஆட்டம் முழுக்க அந்தக் கையையே பின்தொடர்ந்தால் டோட்டல் ஃபுட்பால் என்றால் என்ன என்பது தானாகப் புரிந்துவிடும்: ஒருவர் இடத்தை விட்டு நகர்ந்தால் இன்னொருவர் அங்கே வந்து நிற்க வேண்டும், யார் வருவது என்பதைத்தான் அந்தக் கை சொல்லிக்கொண்டிருக்கிறது. கடைசியில் 2-1 தோல்வி. இடைவேளைக்குப் போகும் வழியில் நடுவரோடு வாக்குவாதம் செய்து மஞ்சள் அட்டை வேறு வாங்கினார், வாய் சும்மா இருக்காது.

அதே உலகக் கோப்பையில் ஸ்வீடனோடு 0-0 ஆட்டம் ஒன்று. முழுதாகப் பார்க்கப் பொறுமை வேண்டும், ஆனால் ‘க்ரைஃப் டர்ன்’ பிறந்தது அதில்தான். ஸ்வீடன்காரர் யான் ஓல்சன் முதுகோடு ஒட்டி நிற்கிறார், க்ரைஃப் வலது காலால் பந்தைத் தூக்கி அடிப்பதுபோல் ஓங்கி, அடிக்காமல் அதே காலின் உள்பக்கத்தால் ஊன்றிய இடது காலுக்குப் பின்னால் பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடிவிடுகிறார். நீங்களே செய்து பார்க்க நினைத்தால், ஊன்றும் காலைப் பந்தைவிடச் சற்று முன்னால் வையுங்கள், அப்புறம் ஓங்கும்போது தோளும் சேர்ந்து போக வேண்டும், வெறும் காலை ஆட்டினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

அடுத்துப் பின்னால் போங்கள். 1972 ஐரோப்பியக் கோப்பை (நாடுகளுக்கு அல்ல, கிளப்புகளுக்கான கோப்பை) இறுதி, அவர் ஆடிய ஆம்ஸ்டர்டாம் கிளப் அயாக்ஸ் - இத்தாலியின் இன்டர், 2-0, இரண்டு கோலும் அவருடையதே. பிறந்தது 1947இல், ஆம்ஸ்டர்டாமில், அயாக்ஸ் மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில். அப்பா காய்கறிக் கடைக்காரர், பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இறந்துவிட்டார். அம்மா அதே கிளப்பில் துப்புரவு வேலை பார்த்தார். 1971, 72, 73 என்று தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கிய கிளப் அது, இன்டர் ஆட்டம் அதன் நடுவில் வருகிறது.

1973இல் பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 1974 பிப்ரவரி 17, ரியல் மாட்ரிட் மைதானத்திலேயே பார்சிலோனா 5-0. 1960க்குப் பிறகு ஸ்பெயின் லீக் பட்டமே பார்க்காத கிளப் அந்த ஆண்டு பட்டம் வாங்கியது.

1978 உலகக் கோப்பையில் அவரைத் தேடாதீர்கள், ஆடவில்லை. ஏன் போகவில்லை என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2008இல் அவரே சொன்னார்: பார்சிலோனா வீட்டுக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே தன்னையும் மனைவியையும் கட்டிப்போட்டான், அதற்குப் பிறகு குடும்பத்தை விட்டுப் போக மனமில்லை என்று.

அமெரிக்காவில் ஆடிய காலத்தைத் தாண்டிவிடலாம், பாதகமில்லை. ஆனால் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த க்ரைஃப் அந்தக் கிழட்டு க்ரைஃப்தான். 1982 டிசம்பரில், திரும்பவும் அயாக்ஸுக்கு ஆடும்போது, ஒரு பெனால்டியை நேராக அடிக்காமல் பக்கத்தில் ஓடிவந்த யெஸ்பர் ஓல்சனுக்குத் தட்டிவிட்டு, அவரிடமிருந்து திரும்ப வாங்கிக் காலி வலைக்குள் போடுகிறார். கோல்கீப்பர் முகத்தைப் பாருங்கள், பாவம். அடுத்த ஆண்டு அயாக்ஸ் புது ஒப்பந்தம் தரவில்லை. வயது 36 ஆகிவிட்டதாம். கோபத்தில் நேரே பரம எதிரி ஃபெயனூர்டில் போய்ச் சேர்ந்தார். செப்டம்பரில் அயாக்ஸிடம் 8-2 என்று உதை வாங்கினார்கள், ஆனாலும் சீசன் முடிவில் லீக்கும் டச்சுக் கோப்பையும் ஃபெயனூர்டுக்கு. இந்த சீசனில் அவர் ஓடுவது குறைவு, கை நீட்டுவது அதிகம், கூட ஆடுகிற இளைஞர்களில் ரூட் கூலிட்டும் உண்டு.

அவர் பார்சிலோனாவுக்குக் கோச்சாக இருந்த காலத்துக்கு 1992 ஐரோப்பியக் கோப்பை இறுதியை வைத்துக்கொள்ளுங்கள், பார்சிலோனா - சாம்ப்டோரியா, லண்டன் வெம்ப்ளியில். பார்சிலோனா ஆரஞ்சு சட்டையில் ஆடுகிறது, நடுவில் 21 வயது குவார்டியோலா. க்ரைஃப் முந்தைய ஆண்டு இதய அறுவைச் சிகிச்சை ஆகி சிகரெட்டை விட்டுவிட்டார், அதன் பிறகு பெஞ்சில் உட்காரும்போது வாயில் லாலிபாப். தொண்ணூறு நிமிடமும் கோல் விழாது, தூக்கம் வந்தால் கூடுதல் நேரத்தின் இரண்டாம் பாதிக்குத் தள்ளிவிடுங்கள். பார்சிலோனாவின் கூமன் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்ததும் ஆட்டக்காரர்களைப் பார்க்காமல் பெஞ்ச் பக்கம் பாருங்கள்: மைதானத்துக்குள் வரும் அவசரத்தில் விளம்பரப் பலகையைத் தாண்ட முடியாமல் கால் மாட்டித் தடுமாறுகிறாரே, அவர்தான்.