படிவத்தில் பாலினக் கேள்வி வைப்பதற்கு முன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் வாசகசாலையோ பால் சங்கமோ புதுப் படிவம் அடித்தால், பழையதில் இருந்த 'ஆண் / பெண்' கட்டம் யாரும் யோசிக்காமலே அதிலும் ஏறிவிடும். முதலில் அந்தக் கேள்வி வேண்டுமா என்று பாருங்கள். புத்தகம் இரவல் கொடுப்பதற்கு அந்தக் கேள்வி தேவையில்லை. மகளிர் ஒதுக்கீட்டுக்குத் தேவை. வேண்டுமென்றால், எதற்குக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்பதைக் கேள்விக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதுங்கள்.

அந்த வரியை வெட்டாதீர்கள். 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியாவில் ஹிஜ்ராக்களை (அங்குள்ள திருநங்கைச் சமூகத்தினரை) பதிவேட்டில் ஏற்றியது. பெயர் ஏறியவர் பெண் உடையில் தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் கைது, 2 ஆண்டு வரை சிறை. பட்டியல் என்றாலே சிலர் ஏன் மிரளுகிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

கட்டங்கள்: ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, வேறு (எழுதவும்), சொல்ல விருப்பமில்லை. தமிழ்ப் படிவத்திலும் மலையாளப் படிவத்திலும் வரிசையும் எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். இல்லையென்றால் கூட்டும்போது 3 ஒரு பக்கம் ஒருவரையும் மறுபக்கம் வேறொருவரையும் குறிக்கும். திருநங்கை 'பெண்' என்று குறித்தால் திருத்தாதீர்கள், சான்றும் கேட்காதீர்கள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மறு ஆண்டே கேரளம், நாட்டில் முதல் மாநிலமாக, திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) கொள்கையை வெளியிட்டது.

அதிகம் பிசகுவது, ஆளைக் கேட்காமல் முகத்தைப் பார்த்து நிரப்புவதில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவை' என்ற குறியீட்டில் 4,87,803 பேர் வந்தார்கள். அதில் 54,854 பேர் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தன்னைப் பற்றித் தானே பதில் சொல்ல முடியாத வயது! பதிலைக் கொடுத்தது பெரியவர்கள்தான். ஆகவே வீட்டுத் தலைவரிடம் மொத்தமாகக் கேட்காமல், பெரியவர் ஒவ்வொருவர் கையிலும் தாளைக் கொடுங்கள். எழுதத் தெரியாதவரிடம் தனியே கேளுங்கள், திண்ணையில் சத்தமாக வேண்டாம்.

மருத்துவ முகாம் என்றால் பாலினக் கட்டம் போதாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 'கருப்பைவாய் இருக்கிறதா' என்றே கேளுங்கள். பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி விடுபடமாட்டார், கருப்பை முழுதும் எடுத்த பெண்ணையும் வீணாக வரிசையில் நிறுத்தமாட்டீர்கள். இடைபாலினம் பிறவி உடலமைப்பு சார்ந்தது. அதைத் திருநங்கைக் கட்டத்தில் சேர்க்கக்கூடாது.

ஆண்டறிக்கையில் வார்டுவாரியாக 'திருநங்கை: 1' என்று போட்டால் அது பெயரைப் போட்டதற்குச் சமம். 10க்குக் கீழே இருந்தால் ஊராட்சி அளவில் கூட்டிப் போடுங்கள். அப்போதும் குறைவு என்றால் அந்த வரியையே விட்டுவிடுங்கள்.