துணி நாப்பியும் டயப்பரும்: புதுப் பெற்றோருக்கு ஒரு கலப்பு முறை

பிள்ளை பிறக்கும் முன்பே "எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் டயப்பர் வராது" என்று முடிவெடுக்கும் தம்பதிகள் இப்போது நிறைய. அந்த அக்கறை நியாயமானது. கடையில் வாங்கும் டயப்பரில் மரக்கூழ், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், ஈரம் உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் எல்லாம் ஒட்டிக் கிடக்கும். பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். பல பத்தாண்டுகளாகச் சென்னைக் குப்பையைத் தாங்கிய பெருங்குடி கிடங்கு, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது.

ஆனால் துணிக்கு மாறினாலே பூமிக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட கணக்கில், ஒரு குழந்தையின் முதல் இரண்டரை வருடத்துக்கு டயப்பரின் கார்பன் சுமை சுமார் 550 கிலோ, துணி நாப்பியின் சுமை சுமார் 570 கிலோ. எந்திரம் நிறையத் துணி போட்டு, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் சுமை சுமார் 40 சதவீதம் குறைகிறது. மின் உலர்த்தியும் கொதிநீரும் சேர்ந்தால் ஏறிவிடுகிறது. நமக்கு வெயில் இருக்கிறது, கொடி இருக்கிறது. துவைக்க ஆள்?

படி 1: துவைப்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

துணி வாங்குவதற்கு முன் இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். பிரசவமான பெண், அதிலும் தையல் போட்ட உடம்போடு, வாளி தூக்கக் கூடாது. "இயற்கை வழி" என்று குடும்பமே பெருமைப்பட, அலசுவது மட்டும் அவள் தலையில் விழுந்தால் அதை நான் சுற்றுச்சூழல் அக்கறையாக ஏற்க மாட்டேன். அப்பா காலையில் எந்திரத்தில் போடுவார், மாலையில் பாட்டி மடித்து வைப்பார் என்று பேர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்க ஆளில்லாத வீடா? அப்படியென்றால் முதல் ஆறு வாரம் டயப்பரே போடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

படி 2: துணி சேருங்கள்

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை மாற்ற வேண்டி வரும். தினமும் துவைப்பதாக இருந்தால் இருபதிலிருந்து இருபத்திநான்கு துணி போதும். பழைய பருத்தி வேட்டியும் நைந்த காட்டன் புடவையும் கிழித்தால் அருமையான துணி. புதுத் துணி வாங்கினால் பலமுறை அலசிய பிறகே நன்றாக உறிஞ்சும். பட்டன் வைத்த நவீன நாப்பியை மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு மட்டும் வாங்கி, தொடையில் தடம் விழுகிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்து அப்புறம் கூட்டுங்கள்.

படி 3: துவைக்கும் ஒழுங்கு

மலம் பட்ட துணியை உடனே கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சி அலசுங்கள். மூத்திரத் துணியைப் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து, தண்ணீர் இல்லாத மூடி போட்ட வாளியில் போட்டு வையுங்கள். ஊற வைத்தால் நாற்றம்தான் ஏறும்.

நாளைக்கு ஒரு தடவை, வழக்கமான சோப்புத் தூளில் எந்திரத்தில் போட்டுக் கூடுதலாக ஒருமுறை அலசவும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது நூலில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். கிருமிநாசினியும் தேவையில்லை, மிச்சம் தங்கினால் தோல் எரியும். வாரம் ஒருமுறை வெந்நீரில் அரைமணி நேரம் ஊற வைத்துத் துவைத்தால் போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறை சோப்புக்கு அசையாது. ஈரத்தோடு மொட்டை மாடி வெயிலில் போடுங்கள், அநேகமாகப் போய்விடும்.

பகலில் வீட்டிலிருக்கும்போது அடியில் துணி விரித்து, கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் கிடத்துங்கள். துவைக்கும் துணியும் குறையும், தோலுக்கும் காற்று படும்.

படி 4: டயப்பருக்கும் இடம் கொடுங்கள்

இரவு. தடுப்பூசிக்குப் போகும் நாள். பேருந்து, ரயில் பயணம். வயிற்றுப்போக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாத நாட்கள். தண்ணீர்ப் பஞ்சமும் இதில் சேர்த்தி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிச் சென்னை லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நாப்பி அலசத் தண்ணீர் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

ஒரு கணக்கு: நாளைக்கு எட்டு டயப்பர் என்றால் வருடத்துக்கு 2,920. பகலில் துணி, இரவில் ஒரே டயப்பர் என்றால் 365. அந்த ஒன்றையும் ஒழிக்க வேண்டுமென்று ராத்திரி மூன்று தடவை எழுந்து குழந்தையையும் எழுப்புவது தேவைதானா? என்னைக் கேட்டால் தூக்கம்தான் முக்கியம்.

படி 5: டயப்பரைச் சரியாக வெளியேற்றுங்கள்

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டிப் பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, அடையாளம் தெரியும்படி தனியாகக் கொடுங்கள். 2016-இலேயே திடக்கழிவு விதிகள் சுற்றித் தரச் சொல்லிவிட்டன. அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். மக்கும் குப்பையோடு கலக்காதீர்கள், வீட்டில் எரிக்கவும் வேண்டாம்.

படி 6: துடைப்பும் பழைய உடுப்பும்

ஈரத் துடைப்புத் தாள்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். வீட்டில் பருத்தித் துணியும் தண்ணீரும் போதும், பையில் மட்டும் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிள்ளை போட்ட சட்டையை வாங்கிப் போடுவது போல நல்ல பழக்கம் வேறில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த உடுப்பைப் பிறந்த குழந்தைக்குப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரிவதில்லை. உங்கள் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன துணிகளைக் கொடுக்கும்போதும், முழுக்கக் காயவைத்து, அந்துருண்டை இல்லாமல் காற்றுப் புகாத பையில் கட்டிக் கொடுங்கள்.