மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: அரசு மானியம் பெறும் முறை

வீட்டு மாடியில் சூரிய மின்தகடு அமைப்பவர்களுக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ‘பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்’ (பிஎம் சூர்யா கர்) வழியாக மத்திய அரசு மானியம் தருகிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைத்தால் 78,000 ரூபாயும் கிடைக்கும். மானியம், வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், கைப்பணமோ வங்கிக் கடனோ முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முதல் படி, மின் அட்டையை எடுத்துப் பார்ப்பது. இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கிலும் அதே பெயர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு இணைப்பு மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருந்ததால், பெயர் மாற்றம் முடியும்வரை நாங்கள் காத்திருக்க நேர்ந்தது. இதை முதலில் முடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி, அளவைத் தீர்மானிப்பது. 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 240 யூனிட் தரும். ஓராண்டின் ஆறு ரசீதுகளையும் பார்த்து, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீடென்றால் 2 கிலோவாட் போதும். ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. காலை ஒன்பது மணி, நண்பகல், மாலை மூன்று மணி என மூன்று முறை மாடியேறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலும் தென்னங்கீற்றின் நிழலும் விழும் இடங்களைச் சாக்கட்டியால் கோடிட்டு வையுங்கள். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மூலையில் விழும் நிழல்கூட வரிசை முழுவதன் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்து, பிஎம் சூர்யா கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண், கைப்பேசி எண் ஆகியவற்றைத் தந்து பதிவுசெய்து விண்ணப்பியுங்கள். மின்வாரியத்தின் ஒப்புதல் வந்தபின், அத்தளத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களுள் மூன்றிடமாவது விலைப்புள்ளி கேளுங்கள். தகடு மட்டுமன்றி அதனுள் இருக்கும், ஒளியை மின்சாரமாக்கும் சூரியக் கலங்களும் (செல்) இந்தியாவில் தயாரானவையாக இருந்தால்தான் மானியம் உண்டு. விலை குறைவாகச் சொல்பவரிடம் இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முன்பணம் தராதீர்கள்.

பொருத்தி முடிந்ததும் இருவழி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். வாரியத்தின் ஆய்வு முடிந்து, இயக்கச் சான்று தளத்தில் ஏறியபின், வங்கி விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் பதிவேற்றினால், பொதுவாக 30 நாட்களுக்குள் மானியம் வந்துசேரும். புதிய மீட்டரில் வாரியத்திடமிருந்து வாங்கியதும் வாரியத்துக்குக் கொடுத்ததும் தனித்தனியே தெரியும். முதல் கணக்கெடுப்பன்று இரண்டையும் குறித்துவைத்து ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.