கம்யூனிட்டி காலேஜில் மானுடவியல்: பே ஏரியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நம் வீடுகளில் ஒருவர் மானுடவியல் (மனிதரையும் அவர்கள் பண்பாட்டையும் ஆராயும் ஆந்த்ரபாலஜி) படிக்கப் போகிறேன் என்றால் முதலில் வரும் கேள்வி, "அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" அதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தப் பல்கலைக்கழகத்தில் போய் முடிக்கப் போகிறீர்கள்? கம்யூனிட்டி காலேஜில் முதல் பாடத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்பே இதற்கு ஏறக்குறைய ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். முதலில் சேர்வோம், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் இரண்டு வருடப் படிப்பு மூன்றரை வருடமாக இழுத்துவிடும்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. இளங்கலையின் முதல் இரண்டு வருடத்தை இங்கே முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் போகலாம். இதைத்தான் ட்ரான்ஸ்ஃபர் என்கிறார்கள். நுழைவுத் தேர்வு கிடையாது, மதிப்பெண் கட் ஆஃப் கிடையாது. அதனாலேயே நம்மவர்கள் சிலர் இதை மட்டமாகப் பேசுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெர்க்லியில் முடித்தால் பட்டத்தில் பெர்க்லி பெயர்தான் இருக்கும். நம் மக்கள் அதிகம் இருக்கும் பக்கத்தில் ஃப்ரீமான்டின் ஓலோனி, கூப்பர்டினோவின் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில் மூன்றும் கைக்கெட்டும் தூரம்.

பணம் பற்றி. மாநிலத்தில் வசிப்பவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலர். அதன்மேல் சில்லறைக் கட்டணங்கள், புத்தகம். வசிப்பவர் இல்லை என்றால் தொகை பல மடங்கு ஏறும். வகுப்பு தொடங்கும் தேதிக்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் வசித்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணம் என்பதற்குக் காகிதமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல், வங்கிக் கணக்கு என்று வந்த மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். எச்-4, எல்-2 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைவர், பிள்ளைகளுக்கானது) இருப்பவர்கள் இந்தத் தகுதியைப் பெறலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களால் பெற முடியாது. எஃப்-1 என்றால் செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும், அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும். எச்-4-ல் அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரே ஒரு பாடம் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஃபெடரல் உதவித்தொகை இரண்டு விசாவுக்கும் கிடையாது.

எச்-4-ல் வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 21 வயதானால் அந்த விசா போய்விடும். பிள்ளை எஃப்-1-க்கு மாற வேண்டி வந்தால் கட்டணக் கணக்கும் மாறலாம். ட்ரான்ஸ்ஃபர் ஆகும் வயதும் அதை ஒட்டித்தான் வருகிறது என்பதால் குடியேற்ற வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. ஊரில் ஏற்கெனவே பிஇ, பிஎஸ்சி முடித்துவிட்டு வந்தவர்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் பாதை பெரும்பாலும் பொருந்தாது. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்கள் இரண்டாவது இளங்கலைக்கு ஆளெடுப்பது அரிது. காலேஜில் மூன்று நான்கு மானுடவியல் பாடம் எடுத்து, நல்ல கிரேடும் ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொண்டு நேராக முதுகலைக்கு விண்ணப்பியுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டில் பயன்பாட்டு மானுடவியலில் எம்ஏ இருக்கிறது. பக்கத்திலேயே.

சரி, பாடங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் மானுடவியல் என்றால் நான்கு கிளைகள்: உடல்சார் மானுடவியல், தொல்லியல், பண்பாட்டு மானுடவியல், மொழியியல் மானுடவியல். காலேஜில் நீங்கள் எடுக்க வேண்டிய முக்கியப் பாடங்கள் முதல் மூன்றின் அறிமுகங்கள்தான். ட்ரான்ஸ்ஃபருக்கென்றே அமைந்த ஏஏ-டி பட்டத்துக்கு மொத்தம் 60 செமஸ்டர் யூனிட் தேவை, அதில் மானுடவியலும் அதை ஒட்டிய பாடங்களும் சிறு பகுதி. மீதியைப் பொதுக்கல்விப் பாடங்கள் நிரப்பும். 2025 இலையுதிர்ப் பருவத்திலிருந்து யூசி, சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) இரண்டுக்கும் பொதுவாக கால்-ஜெட்சி என்ற ஒரே தொகுப்பு வந்திருக்கிறது: ஆங்கிலக் கட்டுரை, மேடைப் பேச்சு, கணிதம், அறிவியல், எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்காவின் இனக்குழுக்களைப் பற்றிய பாடம்) என்று 34 யூனிட். மாணவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆர்வத்தில் மானுடவியல் பாடங்களை எல்லாம் முதல் வருடமே எடுத்துவிட்டு, கணிதத்தையும் மேடைப் பேச்சையும் கடைசிக்குத் தள்ளுவார்கள். கடைசிப் பருவத்தில் அந்த வகுப்பில் இடம் இருக்காது.

ஒரு சௌகரியமும் உண்டு. உடல்சார் மானுடவியலை ஆய்வகத்தோடு எடுத்தால் அதுவே பொதுக்கல்வியின் உயிரியல் பாடமாகவும் ஆய்வகப் பாடமாகவும் கணக்காகும். மண்டையோட்டு வார்ப்புகளைக் கையில் வைத்துப் பல் வரிசையை ஒப்பிடும் அந்த ஆய்வகத்துக்கு மற்ற துறை மாணவர்களும் போட்டி போடுவார்கள். பதிவு தொடங்கும் அன்றே பிடித்துவிடுங்கள்.

டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்), ஓலோனி செமஸ்டர் முறை. 90 குவார்ட்டர் யூனிட்டும் 60 செமஸ்டர் யூனிட்டும் சமம். ஒரு தொடர்ப் பாடத்தில் பாதியை இங்கும் மீதியை அங்கும் எடுத்தால் இடையில் ஓட்டை விழும். எந்தக் காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் பார்க்கலாம். அண்ணன், அக்கா, வாட்ஸப் குழு யார் சொன்னாலும் அந்தத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஏஏ-டி முடித்தால் சிஎஸ்யூவில் எங்காவது ஓர் இடம் உறுதி. நீங்கள் கேட்கும் வளாகம் உறுதி இல்லை. யூசியில் டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் டேக் என்ற உறுதி ஒப்பந்தம் தருகின்றன. அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் இல்லை. என் கருத்தில் டேக் போடாமல் பெர்க்லியை மட்டும் நம்பி இருப்பது வீண் வீம்பு. இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

வகுப்பில் என்ன நடக்கும்? ஒரு பேருந்து நிறுத்தத்திலோ சலவைக் கடையிலோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை எழுதிவரச் சொல்வார்கள். "மக்கள் நட்பாகப் பழகினார்கள்" என்று எழுதினால் மதிப்பெண் போகும். யார் யாருக்கு வழிவிட்டார், யார் எங்கே நின்றார் என்று எழுத வேண்டும். உடலை அளந்து இனம் பிரித்த காலத்தைப் பற்றியும் பாடம் வரும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து, அங்கே வந்தவர்களின் மூக்கையும் தலையையும் அளந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் காலத்தவர்தான். கட்டுரைக்கு எடுத்துக்கொள்ள நல்ல பொருள். தொல்லியல் வகுப்பில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் எடுத்த கற்கருவியைப் பற்றி எழுதலாம். பேராசிரியர் எல்லாக் கட்டுரையிலும் ஐரோப்பாவையே படித்துச் சலித்திருப்பார்.

இந்த ஊரையும் கவனியுங்கள். எமரிவில் நகரின் ஐக்கியா கடை இருப்பது ஷெல்மவுண்ட் தெருவில். இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஓலோனி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளிஞ்சல் குவித்து, தங்கள் இறந்தவர்களையும் புதைத்த மேட்டின் பெயர் அது. இப்போது அங்கே கடைவீதி. பெர்க்லி துறையைத் தொடங்கிவைத்த க்ரோபரின் பெயரை 2021-ல் அந்தத் துறைக் கட்டடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். யாஹி பழங்குடியில் கடைசியாக எஞ்சியவராக அறியப்பட்ட இஷியை அருங்காட்சியகத்தில் குடிவைத்தது, பழங்குடிகளின் எலும்புகளைச் சேகரித்தது என்று அதற்குப் பின்னால் நீண்ட வாதம் உண்டு. அந்த வாதம் வகுப்பிலும் வரும்.

இப்போது வேலை. கலிஃபோர்னியாவில் சாலை, கட்டடம் போடும் முன் புதைபொருள் இருக்கிறதா என்று பார்க்கச் சட்டம் இருப்பதால் தொல்லியல் ஆலோசனை நிறுவனங்களுக்கு ஆள் தேவை. ஆப்டோஸில் உள்ள கப்ரியோ காலேஜில் அதற்கென்றே தொல்லியல் தொழில்நுட்பச் சான்றிதழ் தருகிறார்கள். மென்பொருள் நிறுவனங்களின் பயனர் ஆய்வு, பொதுச் சுகாதாரம், அருங்காட்சியகம் மற்ற வழிகள். தொடக்கச் சம்பளம் கணினித் துறைக்குப் பக்கத்தில் வராது, அதை மறைப்பதில் பயனில்லை. எஃப்-1 மாணவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: மானுடவியல் பொதுவாக ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் இல்லை, ஆகவே படிப்புக்குப் பின் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான்.

முதல் வேலையாகக் காலேஜில் படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலரைப் பாருங்கள். ஆகஸ்டில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கடினம், ஜூனிலேயே வாங்கிவிடுங்கள். போகும்போது நீங்கள் விரும்பும் இரண்டு வளாகங்களின் அசிஸ்ட் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய், பருவம் பருவமாகத் திட்டத்தை எழுத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.